அழிக்க விட்டுப்போன ஆள்

ஓய்வுபெற்ற பின் தேவசகாயம் ஒரு கேமரா வாங்கினார். தினமும் விடியலில் தூத்துக்குடிக் கடற்கரையைப் படமெடுப்பார். வீட்டுக்கு வந்ததும் படத்திலிருக்கும் மனிதர்களைக் கணினியில் ஒவ்வொருவராக அழித்துவிட்டு முகநூலில் போடுவார். ஆளில்லாத கடல்தான் அவருக்கு அழகு. நாலைந்து லைக் விழும். யாரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

ஒருநாள் மெசஞ்சரில் ஒரு பெண் அழைத்தாள்.

"சார், கோவில்பட்டியிலேர்ந்து இசக்கியம்மா பேசுதேன். நேத்து நீங்க போட்ட படத்துல, படகுக்குப் பக்கத்துல ஒருத்தர் குத்தவச்சிருக்காரு. எங்கப்பா மாதிரி இருக்கு. அவரு வீட்ட விட்டுப் போயி எட்டு மாசமாச்சு."

படத்தைப் பெரிதாக்கினார். படகின் நிழலில் ஒரு வளைந்த முதுகும் நரைத்த தலையும் தெரிந்தன. அழிக்கும்போது தேவசகாயத்தின் கண்ணில் இது படவில்லை.

"முகம் தெரியலம்மா."

"வேற நாள் எடுத்ததுல பாருங்க சார். நீங்கதான் தெனமும் போறீங்களே."

பழைய படங்களைத் திறந்தார். இருநூறு காலைகள். எல்லாவற்றிலும் கடல் மட்டும்தான். அழிப்பதற்கு முந்தைய படங்களை அவர் வைத்துக்கொள்வதில்லை.

"இருக்காரா சார்?"

"நாளைக்கு நேர்ல போயிப் பாக்கேம்மா."

மறுநாள் படகுக்குப் பக்கத்தில் யாருமில்லை. சற்றுத் தள்ளி வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் போனார். அந்தக் கரையில் அவர் இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

"அண்ணாச்சி, இங்க ஒரு பெரியவர் உக்காந்திருப்பாரே..."

வலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தெனமும் நீங்க வந்ததும் உங்க பின்னாலயே அவரும் வருவாரு. ரெண்டு பேரும் ஒரே வீடுன்னுல்லா நெனச்சேன். இன்னைக்கு அவர ஏன் காணோம்னு உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன்."