பித்தளை மூடி

மூடியைக் கழற்றவில்லை.

பென்சிலைக் கையில் எடுத்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

தொலைநோக்கியின் மேல் முனையில், வானத்தைப் பார்க்கிற கண்ணாடியின்மேல், பித்தளை மூடி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கூரைக் கதவைத் திறப்பது, ஏணியில் ஏறி மூடியைத் திருகி எடுப்பது, பிறகு மேசையில் உட்கார்ந்து சிங்கராயர் சார் சொல்லும் நொடிகளைக் குறித்துக்கொள்வது. அவளுடைய வேலையே இவ்வளவுதான்.

திருகும்போது மூடி கிறீச்சிடும். "சேவல் கூவியாச்சு, ஆரம்பிக்கலாம்" என்று சார் தினமும் சொல்வார். இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ரங்கபாஷ்யம் சோதனைக்கு வந்திருந்தார். வந்தவருக்குக் காபி கொடுத்த பரபரப்பில் அவள் மறந்தாள். வந்தவரோடு பேசிய பரபரப்பில் சாரும் சேவலை மறந்தார்.

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை.

முதல் நட்சத்திரத்துக்கு அரை நிமிஷம் இருந்தது.

சார் குனிந்து கண்ணைப் பதித்துவிட்டார். சுவர்க்கடிகாரம் ஒவ்வொரு நொடியாக அடித்துக்கொண்டிருந்தது. குழாய்க்குள் நெட்டுக்குத்தாக ஐந்து நூல்கள் உண்டு. நட்சத்திரம் அவற்றை ஒவ்வொன்றாகக் கடக்கும். கடக்கிற நொடியைக் கடிகாரச் சத்தத்தோடு எண்ணிச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் வானத்தில் அதன் இடம் எது என்று கணக்கிடுவார்கள்.

போகட்டும். 'இருட்டா இருக்கேம்மா' என்று சாரே சொல்லிவிடுவார். திட்ட மாட்டார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷர்.

அவள் காத்திருந்தாள்.

"பதினெட்டு புள்ளி மூணு" என்றார் சிங்கராயர்.

பென்சில் பழக்கத்தில் எழுதியது.

"முப்பத்திரெண்டு புள்ளி ஒண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேசையின் சிவப்பு விளக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஆனாலும் மூடியின் விளிம்பு தெரிந்தது.

ஐந்து நூலுக்கும் சொல்லி முடித்து, சார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரங்கபாஷ்யம் அவள் எழுதியதை நட்சத்திர நேரங்களின் பழைய பட்டியலோடு ஒப்பிட்டார். முகம் மலர்ந்தது.

"அதே பத்தில் ரெண்டு" என்றார்.

கண் பார்த்ததை வாய் சொல்வதற்குள் ஆளுக்கு ஆள் ஒரு சின்னத் தாமதம் உண்டு. சிங்கராயருக்கு ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கு. முப்பது வருஷமாக அது மாறியதில்லை.

சார் அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார். தன் தாமதத்தைக்கூட மறக்காமல் கூட்டிச் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நாளாக அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பதும், காபி டம்ளருக்கு மேசையில் கையால் துழாவுவதும் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எத்தனை இரவுகள் இப்படி? புத்தகம் முழுக்க அவள் கையெழுத்து. எங்கேயோ நடுக்கடலில் ஒரு கப்பல் இந்த எண்களை நம்பித்தான் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. பங்குனியில் அவருக்கு ஓய்வு. ஒருநாளும் பிசகாத ஆள் என்று மேடையில் பேசப்போகிறவரே இந்த ரங்கபாஷ்யம்தான்.

"அடுத்தது அசுவினிதானே?" ரங்கபாஷ்யம் கோட்டைக் கழற்றினார். "என் ஜன்ம நட்சத்திரம். நானே பாக்கறேன், நீங்க எழுந்திருங்க சார்."

நான்கு நிமிஷம்.

அவர் குனிந்தால் இருட்டுதான் தெரியும். மூடி போட்ட குழாயில் சிங்கராயர் எதைப் பார்த்தார் என்று கேட்பார்.

"கண்ணாடியில பனி படிஞ்சிருக்கும் சார். துடைச்சிட்டு வந்துடறேன்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. மார்கழி மாதம். யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஏணியில் ஏறினாள். முந்தானையைச் சுற்றி மூடியைப் பிடித்தாள். குளிரில் இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் திருகினாள்.

கிறீச்சிட்டது.

ரங்கபாஷ்யம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வெறும் சத்தம்.

சிங்கராயரின் தலை நிமிர்ந்தது.

அவள் மூடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினாள். மேசைக்கு வந்து மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையைத் தாண்டிச் சில்லிட்டது. சார் சுவரைப் பிடித்தபடி அவள் பக்கமே திரும்பி நின்றார். பேசாமல் இருங்கள் சார், பேசாமல் இருந்தால் போதும் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

ரங்கபாஷ்யம் குனிந்தார். "அதோ, உள்ள வந்துடுச்சு" என்றார் சந்தோஷமாக.

முதல் நூலுக்குப் பத்து நொடி இருக்கும்.

"இப்ப எழுதினதை அடிச்சிரும்மா" என்றார் சிங்கராயர்.

அவள் அசையவில்லை.

"எதை அடிக்கணும்?" ரங்கபாஷ்யம் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ஆடி மாசத்துல இருந்து, எல்லாத்தையும்."

கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. அசுவினி முதல் நூலைக் கடந்திருக்கும். இரண்டாவதையும் கடந்திருக்கும். யாரும் நொடியைச் சொல்லவில்லை.

ரங்கபாஷ்யம் மெல்ல நிமிர்ந்து மேசைப் பக்கம் திரும்பினார்.

அவள் மடியிலிருந்த மூடியை எடுத்து, விளக்குக்கு அடியில், புத்தகத்தின்மேல் வைத்தாள்.