பின்னாலை ஓடினவள்

நடுவரின் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து, மல்லாக்க விழுத்திவிட்டாள் பெர்னடெட்!

கோப்பாய்த் தோட்டக் காணியில், நாய்களின் தடை தாண்டும் போட்டி பார்க்க வந்த சனம் எல்லாம் எழும்பி நின்றுவிட்டது. பின்னே? மகள் வயதுப் பெட்டை, அறுபது வயது மனிசனை!

நடுவர் சோமசேகரத்துக்கு இடுப்பு நோவைவிட மானம் போனதுதான் பெரிய நோ. அப்படி என்ன கெட்டதைச் சொல்லிவிட்டார்? காலையிலிருந்து அவளுக்கு நல்லதைத்தானே சொன்னார்!

"பிள்ளை, திருப்பம் வந்தால் நாய்க்கு முன்னாலை குறுக்கறுத்து ஓடோணும். அப்பத்தான் அது உன்னைப் பாத்துக் கெதியாய்த் திரும்பும். பின்னாலை போய்ப் பக்கம் மாறினால் நேரமெல்லோ போகும்?"

"எனக்கும் றோசிக்கும் பின்னாலைதான் சரிவரும், சேர்."

"நீ நாயைக் கூட்டிக்கொண்டு ஓடுறியோ, நாய் உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடுதோ?"

சனம் கொல்லென்று சிரித்தது. அவள் காதிலே விழுந்தால்தானே!

முதல் ஓட்டமே அவளுடையது. தன் பிடிவாதப்படி பின்னாலேயே ஓடினாள். ஆனாலும் றோசி ஒரு தடைகூடத் தட்டவில்லை. பரிசு கைக்குள் வந்த மாதிரித்தான்.

கடைசித் தடைக்கு முன்னால் கொஞ்சம் பள்ளம். அதை நிரவ நேற்றுத்தான் சோமசேகரம் தூரத்து ஊரொன்றிலிருந்து லொறியில் மண் கொண்டுவந்து கொட்டியிருந்தார். அந்த மண்ணை மணந்து பார்த்த றோசி, சட்டென்று குந்திவிட்டது.

பெர்னடெட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நேரம் போகுது பிள்ளை! முன்னாலை போய்க் கூப்பிடு!"

அவள் அசையவில்லை. சோமசேகரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"விடு, எப்பிடியெண்டு நான் காட்டுறன்."

"போகாதேங்கோ, சேர்!"

அவர் கேட்கவில்லை. நாய்க்கு முன்னால் வைக்கவென்று காலைத் தூக்கினார். அப்போதுதான் அந்த இழுவை.

"நாய் வளத்தனி, மரியாதை வளக்கேல்லையோ?" விழுந்து கிடந்தபடியே கத்தினார். "உனக்கும் உன்ரை நாய்க்கும் இனி ஒரு போட்டியிலையும் இடமில்லை!"

மன்னிப்பா? அந்தக் கதையே இல்லை. கொலரை விடாமல் அவரைப் பின்னுக்கு இழுத்தபடி, தூக்கிவிட ஓடிவந்த சனத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ! வந்த வழியாலையே திரும்பிப் போங்கோ!"

அவள் தன் பழைய காலடித் தடத்திலேயே கால் வைத்துப் பின்வாங்குவதை அப்போதுதான் சோமசேகரம் கவனித்தார். றோசி இன்னும் அதே இடத்தில், அதே மண்ணைப் பார்த்தபடி இருந்தது. அவர் நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"என்ன பிள்ளை... என்ன உது?"

"நானும் றோசியும் முகமாலையிலை மிதிவெடி தேடின ஆக்கள், சேர். அங்கை நாய் குந்தினால், அதுக்கு முன்னாலை ஒருத்தரும் கால் வைக்கிறேல்லை."