இருமல் இல்லாத வீடு

"நெசத்தச் சொல்லு நல்லம்மா. இருபது வீட்டுல உன் வீட்டுக்கு மட்டும் ஏன் இருமல் வரல?"

நனைந்த குடையை வாசலில் சாய்த்தபடி டிரெஸ்ஸர் இராமலிங்கம் கேட்டார். கிள்ளானுக்குத் தெற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், மருந்து கொடுப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. அந்த வாரத்தில் அவர் வருவது இது மூன்றாவது முறை.

"மாரியாத்தா பாத்துக்கிறாங்கய்யா" என்றாள் நல்லம்மாள், அடுப்பை ஊதிக்கொண்டே.

"ஏன், பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி அவளக் கும்பிடலயா? அவ புள்ளைக்கு ரெண்டு தடவ நிமோனியா வந்துருச்சு. எல்லாருக்கும் ஒரே கெணத்துத் தண்ணி, ஒரே கட அரிசி. மழ புடிச்சதும் எல்லாரும் அடுப்ப உள்ள வக்கிறீங்க. அப்புறம் வரிசையா புள்ளைங்களுக்கு இழுப்பு. உன் ரெண்டு புள்ளைங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல."

நல்லம்மாள் இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"மத்த வீட்டுக்குள்ள போனா புகையில கண்ணத் தொறக்க முடியல. இங்க கண்ணு கரிக்கவே இல்ல. புகை எங்க போவுது?"

தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்து அறைகள் எதிலும் ஜன்னல் கிடையாது. ஆனால் பின்பக்கப் பலகைச் சுவரில் தொங்கிய கோணிச்சாக்கு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் எழுவதற்குள் டிரெஸ்ஸர் அதை விலக்கிவிட்டார். மூன்று பலகைகளைக் காணோம். வெளியே ரப்பர் மரங்கள் தெரிந்தன.

"யாரு கழட்டுனது?"

"நாந்தாங்கய்யா. போன மழையில மூத்தவ மூச்சு முட்டியே போயிட்டா. காத்து வேணும், காத்து வேணும்னு கேட்டா. அவள எடுத்த மறுநாளே நெம்பி எடுத்துட்டேன். தோட்டத்துச் சுவரு. பெரிய கங்காணிக்குத் தெரிஞ்சா எங்கள வெளிய அனுப்பிருவாரு. எழுதிராதீங்கய்யா!"

டிரெஸ்ஸர் அந்த ஓட்டையைச் சாண் போட்டு அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

"எழுதித்தாம்மா ஆகணும். தொரைகிட்ட இன்னைக்கே போவுது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் வேலாயுதம்தான் தேற்றினான். "அனுப்புனா இன்னொரு தோட்டம். புள்ளைங்க நல்லா மூச்சு விடுதுல்ல, அது போதும் புள்ள."

திங்கட்கிழமை, ரப்பர் பால் எடுத்துவிட்டுத் திரும்பும்போதே லயத்துப் பக்கம் ரம்பச் சத்தம் கேட்டது. நல்லம்மாள் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். லயத்தின் பின்னால், தோட்டத்துத் தச்சர் பழனியப்பன் பலகையும் கையுமாக நின்றார்.

"அண்ணே, நீங்க மூட வேணாம், நானே பலகையை அடிச்சிர்றேன். எங்கள அனுப்ப வேணாம்னு தொரைகிட்ட சொல்லுங்கண்ணே!"

பழனியப்பன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"யாரும்மா மூட வந்தா? டிரெஸ்ஸரு எழுதுனதப் பாத்துட்டு, எல்லா வீட்டுப் பின்சுவரையும் இதே மாதிரி வெட்டச் சொல்லிட்டாரு தொரை. இருபதுல ஒண்ண நீயே முடிச்சு வச்சிருக்க, புண்ணியவதி!"