கேபிளைப் பிடுங்கிய பிறகு

மதிய வெயில் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. தவறி விழும் முதியவர்களுக்காகக் கழுத்தில் மாட்டும் அபாய மணியின் சர்க்யூட் போர்டு பொறியாளர் முன்னால் இருக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்த உறங்கி, அதிர்வு பட்டதும் எழ வேண்டிய அதன் சில்லு (சிப்) சில நேரம் எழுவதில்லை. பிழை தேடும் கேபிளைச் செருகினாலோ அது உறங்குவதே இல்லை, பிழையும் தலைகாட்டுவதில்லை. “எப்பவும் முழிச்சே இருக்கட்டுமே,” என்கிறார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளர். “ரெண்டே நாள்ல பேட்டரி காலி சார். எங்க மாமனார் கழுத்துலயும் இதான் தொங்குது.” என்றபடி அவள் கேபிளைப் பிடுங்குகிறாள். எழுந்ததும் சிவப்பு விளக்கையும், வேலை தொடங்கியதும் பச்சையையும் ஏற்றும்படி நிரலை மாற்றியிருக்கிறாள். போர்டை விரலால் தட்டுகிறாள். இரண்டும் எரிகின்றன. உறங்க விடுகிறாள், தட்டுகிறாள், மறுபடி உறங்க விடுகிறாள். விரல் நுனி கன்றிப்போகிறது. மேலாளர் கிளம்ப எழுகிறார். சிவப்பு எரிகிறது. பச்சை வரவில்லை. “உட்காருங்க சார்,” என்கிறாள், விளக்கிலிருந்து கண்ணெடுக்காமல். “முழிக்குது, ஆனா வேலை தொடங்கறதுக்குள்ள நின்னுடுது. ஆள் கையும் களவுமா மாட்டிக்கிட்டான்.”