வேம்புக்குள் இரும்பு

கருவி மூன்றாவது தடவையும் கத்தியது. டிலோஜன் அதை மரத்திலிருந்து எடுத்தான்.

"உள்ளுக்கு இரும்பு கிடக்குது, ஐயா. ஷெல் துண்டாத்தான் இருக்கவேணும்."

சந்தியோகு வேம்படியிலேயே குந்திவிட்டார். சண்டை முடிந்தும் அந்தச் சனியன் எங்களை விடுகுதில்லையே என்று முணுமுணுத்தார்.

டிலோஜன் மரம் அறுக்கும் ஆலை வைத்திருப்பவன். மேசையும் கதிரையும் செய்து கொடுப்பான். வளவு மரம் எதையும் இந்த இரும்பு தேடும் கருவியால் தடவிப் பார்க்காமல் வாளில் வைக்க மாட்டான். போன வருடம் ஒரு பாலை மரத்துக்குள் கிடந்த துப்பாக்கி ரவையில் பட்டு வாள் உடைந்தது. தெறித்த துண்டு அவன் காதை உரசிக்கொண்டு போனது.

குடையை மடக்காமல் நின்ற பிரேமிளாவுக்கு முகம் சுருங்கியது. அவர் மாப்பிள்ளையின் தாய், தோட்டவெளிக்காரி. சம்பந்தம் பேசிய அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண் வீட்டு வளவில் வளர்ந்த மரத்தில், கையால் செய்த சாப்பாட்டு மேசை. அவர்கள் குடும்பத்துக்கு வந்த மருமக்கள் எல்லாரும் அப்படித்தான் கொண்டுவந்தார்களாம். கடையில் விற்கிற ஒட்டுப்பலகை மேசையில் சூடான கறிச்சட்டியை வைத்தால் பொங்கிவிடும் என்பது அவர் கட்சி.

மகள் ஜெஸ்லியாவுக்கு வந்த நல்ல இடம் கைநழுவக் கூடாதென்று சந்தியோகு யோசிக்காமல் இந்த வேம்பைக் காட்டிவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை.

சண்டையெல்லாம் ஓய்ந்து, இந்திய முகாமிலிருந்து தாழ்வுபாட்டுக்குத் திரும்பிய வருடம் அவர் நட்டவை மூன்று வேம்புகள். ஒன்று மூத்த மகளுக்கு அலுமாரியாகப் போனது. மற்றது இரண்டாமவளுக்குக் கட்டிலாகப் போனது. மிஞ்சியது இதுதான். அந்தச் சுடுமணலில் வீட்டுக்கு இருந்த நிழலும் இதுதான்.

இதையும் வெட்டுவதென்றால் தன்னையும் சேர்த்து வெட்டச் சொல்லி, மனைவி மாக்கிறட் அவரோடு பேசுவதையே விட்டிருந்தாள். சோளகக் காற்று அடித்த அடியில் ஒரு கிழமையாக ஊரில் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. வேலையில்லாத மனிதரும் பேசாத மனைவியும் ஒரே வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு அலுப்பு என்று சொல்லத் தேவையில்லை.

"பட்டையைக் கொத்தி அந்தத் துண்டை எடுக்கேலாதோ?" என்று பிரேமிளா கேட்டார்.

ஒரு துண்டென்றால் எடுக்கலாம், முழங்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் எல்லா இடமும் கத்துகிறதே என்றான் டிலோஜன். பட்டையைக் கையால் தடவிப் பார்த்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. சந்தியோகுவை ஒருதரம் பார்த்துவிட்டு வியர்வையைத் துடைத்தான்.

பிரேமிளா குசினி வாசலில் நின்ற மாக்கிறட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. மாக்கிறட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சந்தியோகு எழுந்து கோடரியை எடுத்தார். "நான் சொன்ன சொல் சொன்னதுதான். ஷெல் இருந்தாலென்ன, குண்டு இருந்தாலென்ன, வெட்டுவம்."

கோடரிப் பிடி கையில் நிற்கவில்லை. பெருவிரலில் பெரிய துணிக்கட்டு. அதென்ன காயம் என்று பிரேமிளா கேட்டார்.

"அது முந்தநாள் கெளுத்தி முள் குத்தினது. அதைவிடுங்கோ."

டிலோஜன் கோடரியை வாங்கிச் சுவரோடு சாய்த்தான். வெட்டினாலும் மன்னாரில் எந்த ஆலைக்காரனும் இதை அறுக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு, தன் வாகனத்திலிருந்து நாலைந்து மாதிரிப் பலகைகளைக் கொண்டுவந்து பரப்பினான்.

பிரேமிளா ஒவ்வொன்றாகத் தட்டினார், மணந்தார், தண்ணீர் தெளித்து ரேகை பார்த்தார். மகோகனியின் சிவப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தேக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிறதாம். கடைசியில் குருநாகல் பிலாப் பலகை ஒன்றில் கை நின்றது. வருடம் போகப் போக அதன் மஞ்சள் கறுத்து அழகு கூடும் என்றான் டிலோஜன்.

"எங்கட வளவு மரம் இல்லையே" என்று சந்தியோகு தலையைக் குனிந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வெயில் பிரேமிளாவையும் களைக்கப் பண்ணியிருந்தது. "இரும்பு கிடந்தா நீங்கள் என்ன செய்யிறது? பிள்ளையள் ஒண்டா இருந்து சாப்பிட்டாச் சரி. பிலாவிலையே செய்யட்டும்."

கலியாணத் திகதியில் மாற்றமில்லை என்று அவர் போகும்போது தானாகவே சொன்னார். சந்தியோகு படலை வரைக்கும் போய், மன்னிப்புக் கேட்டு, கும்பிட்டு அனுப்பிவைத்தார். டிலோஜனும் புறப்பட்டு வாகனம் மறைந்ததும் திரும்பி வந்து வேம்பில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினார். மேலே காற்றில் இலைகள் சலசலத்தன.

மாக்கிறட் தேத்தண்ணியும் எண்ணெய்ப் போத்தலும் கொண்டுவந்தாள். அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் வாய் திறந்தாள்.

"கையைக் கொண்டாங்கோப்பா. மரத்திலை ஆணி அடிக்கேக்கை விரலையும் பாக்கிறேல்லையோ?"