கடைசி இடத்தில் ஒரு பூனை

“பூனை மறுபடியும் வந்துடுச்சு டீச்சர்,” என்றான் வில்னர்.

டார்லா டீச்சர் சுவரில் ஒளிர்ந்த திரையைப் பார்த்தாள். அறையில் இருப்பவர்களைவிட ஒரு பெயர் அதிகமாக இருந்தது. பெயர் போடாமல் நுழைபவர்களுக்கு அந்த வினாடி வினா வலைத்தளம் தானாகவே ஒரு விலங்கின் பெயரைச் சூட்டிவிடும். இந்த ஆசாமிக்குக் கிடைத்தது பூனை.

கான்சாஸின் அந்தச் சின்ன ஊரில், இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் காலையில் நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து ஆங்கிலம் படிப்பார்கள். படிப்பதாவது, முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார்கள். டார்லா இந்த ஓசி வினாடி வினா விளையாட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த பிறகுதான் வகுப்புக்கு உயிர் வந்தது. திரையில் கேள்வி வரும். அவரவர் போனில் நான்கு நிறக் கட்டங்கள் வரும். சரியான கட்டத்தை முதலில் தொடுபவருக்குப் புள்ளி அதிகம். தினம் ஒரு புது எண்ணைப் போட்டு உள்ளே நுழைவது இவர்களுக்குத் தலைவலி என்று, டார்லா ஒரே எண்ணையே மாதக்கணக்கில் வைத்திருந்தாள்.

“யாரோ வழி தவறி வந்திருப்பாங்க, விடு,” என்றாள்.

“தினமுமா வழி தவறும்? அது யாருன்னு எனக்குத் தெரியும்.” வில்னர் முன்வரிசையைக் கைகாட்டினான். “எவுலாலியாக்கா ரெண்டு போன் வெச்சிருக்காங்க. பூனை எப்பவும் சிவப்பைத்தான் தொடுது. சிவப்பு தப்புன்னு அந்தப் போன்ல தெரிஞ்சதும், அக்கா இந்தப் போன்ல வேற கலரைத் தொட்டுடுறாங்க. பூனை வர்ற வரைக்கும் ஆட்டத்தை ஆரம்பிக்கவும் விடுறதில்ல. போன் சுத்துது, கொஞ்சம் பொறுங்கன்னு ஏதாவது ஒரு சாக்கு.”

வகுப்பே சிரித்தது. எவுலாலியா சிரிக்கவில்லை. கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். சீப்பும் சாவியும் மேசையில் விழுந்தன.

“நல்லா தேடிக்கோ. நான் பஸ்ல வரும்போதும் படிக்கிறேன், சாப்பிடும்போதும் படிக்கிறேன். நீ படிச்சியா?”

“ஒரு டோனட்டுக்கா இந்தப் பாடு? ஒரு நாளாச்சும் விட்டுக்கொடுக்கக் கூடாதா அக்கா?”

“டோனட்டை நீயே தின்னுக்கோ. முதல் இடத்தை மட்டும் கேக்காத.”

டார்லாவுக்கும் அது புரியாத சங்கதிதான். முதலிடம் வருபவருக்கு அவள் வாங்கி வரும் டோனட்டை எவுலாலியா பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவாள். ஆனால் போன வாரம் ஒருநாள் வில்னர் அவளை முந்தியபோது கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தும் கண் சிவந்திருந்தது.

அன்றும் எவுலாலியாதான் முதல். வழக்கம்போலப் பூனை கடைசி. ஆட்டத்தில் அது உப்புக்குச் சப்பாணி.

டார்லா கணினியை மூடினாள். “நாளையிலேர்ந்து பாஸ்வேர்ட் போடப்போறேன். வெளியாள் யாராவது உள்ள வந்தா இந்த விளையாட்டையே நிறுத்திடுவோம்னு நூலகத்துல சொல்லிட்டாங்க. பாஸ்வேர்ட் நம்மளைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது.”

எல்லோரும் கிளம்பிய பிறகும் எவுலாலியா எழுந்திருக்கவில்லை.

“ஆட்டத்தைப் பூட்டாதீங்க டீச்சர்.”

“அப்போ வில்னர் சொன்னது நிஜமா?”

“இல்ல. ஆனா பூனை யாருன்னு எனக்குத் தெரியும்.”

“உனக்கு விடை சொல்லிக்கொடுக்கிற ஆளா?”

“பூனைக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாது.”

டார்லாவுக்கு எரிச்சல் வந்தது. “தெரியாத ஆளு எதுக்கு தினமும் வந்து கடைசியில நிக்கணும்? உனக்காக இத்தனை பேரோட வகுப்பைக் கெடுத்துக்க முடியாது எவுலாலியா. உண்மையைச் சொல்லு, இல்லைன்னா இப்பவே பூட்டிடுறேன்.”

எவுலாலியா மேசையில் கிடந்த சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“என் பையன் டீச்சர். எல்மர். அஞ்சு வயசு. குவாத்தமாலாவுல, அவன் அப்பாவோட அம்மா வீட்டுல இருக்கான். பிள்ளையை விட்டுட்டு ஓடிப்போனவளாம் நான். என் குரலே அவன் காதுல விழக் கூடாதாம். போன்ல பேச விடமாட்டாங்க, விளையாட மட்டும் விடுவாங்க. என் தங்கச்சி ஒருநாள் அவனைப் பாக்கப் போனப்போ, புது கேம்னு சொல்லி நம்ம வகுப்பு எண்ணைப் போட்டுக் கொடுத்துட்டு வந்துட்டா. அதுக்கப்புறம் அந்த வீட்டுல அவளையும் சேர்க்கிறதில்ல. பாஸ்வேர்ட் போட்டீங்கன்னா அவனுக்கு யாரும் போய்ச் சொல்ல முடியாது.”

டார்லா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளையை நினைத்து ஏங்குகிறவளிடம் போய்ப் பாஸ்வேர்ட் என்று கத்தியது அவளுக்கே கூசியது.

“ஆனா இதுல பேச முடியாதே. உன் முகமும் தெரியாது. நீ இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்?”

“அவனுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர், என் பேர் எப்படி இருக்கும்னு மட்டும் தங்கச்சி எழுதிக் காட்டியிருக்கா. ஆட்டம் முடிஞ்சதும் முதலா வர்றவங்க பேரை மட்டும்தான் எல்லார் போன்லயும் பெருசா காட்டும். நான் ரெண்டாவதா வந்தா, அம்மா இன்னைக்கு வரலைன்னு நினைச்சுக்குவான்.”