எதிர்த்த கடை மாவு

"எதிர்த்த கடைக்காரருதானுங்க இங்க போகச் சொன்னாரு."

உள்ளே வந்த கூட்டத்தில் முன்னால் நின்ற பெண் இப்படிச் சொன்னதும், மேஜை துடைத்துக்கொண்டிருந்த ஆஷா நிமிர்ந்தாள்.

"யாரு... ஞானசம்பந்தம் அண்ணாச்சியா?"

"ஆமாங்க. அங்கதான் போனமுங்க. எதுத்தாப்ல நல்லாருக்கும், அங்க போயிச் சாப்புடுங்கன்னு அனுப்பிச்சாரு."

தேடி வந்த ஆளை எந்தக் கடைக்காரராவது எதிர்த்த கடைக்கு அனுப்புவாரா? ஆஷாவுக்கு ஒன்றுதான் தோன்றியது. பழி வாங்க ஆள் அனுப்பியிருக்கிறார்.

ஆஷாவும் அவள் கணவன் ராபினும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். பனியன் கம்பெனி வேலையை இருவரும் விட்டுவிட்டு அவிநாசியில் இந்தப் பீட்சா கடையைப் போட்டிருந்தார்கள். எதிரிலேயே ஞானசம்பந்தத்தின் பீட்சா கடை. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது "பீட்சா எங்க நல்லாருக்கும்?" என்று கேட்டால், வரிசையாக அவர் கடைப் பேர்தான் வந்து விழும். இவர்கள் கடையைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. யாரும் உட்காராத மேஜைகளைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பயத்தில்தான் முந்தாநாள் அவள் வாயில் அது வந்துவிட்டது.

வினிதா என்று பக்கத்துத் தெருப் பெண். வாசலில் நின்று மெனுவைப் பார்த்துவிட்டு, "எதிர்த்த கடையில எப்படிங்க?" என்று கேட்டாள்.

"அங்கயா? பழைய மாவுன்னு சொல்லுதாங்க. பாத்துக்கோங்க."

அப்படி யாரும் சொல்லவில்லை. அந்தக் கடைக்குள் ஆஷா கால் வைத்ததுகூட இல்லை.

வினிதா நேரே ரோட்டைத் தாண்டிப் போய் ஞானசம்பந்தத்திடம் ஏதோ பேசினாள். அவர் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அதிலிருந்து ஆஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. ராபினிடமும் சொல்லவில்லை. வாசலில் பைக் நின்றாலே அவர்தானோ என்று எட்டிப் பார்த்தாள். இன்றைக்குப் பார்த்து ராபின் சீஸ் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தான்.

"ஓவனைக் கொஞ்சம் வீடியோ எடுத்துக்கட்டுங்களா?" கூட்டத்தில் ஒருத்தி போனை நீட்டினாள்.

"எதுக்கு?"

"குரூப்புல போடத்தானுங்கக்கா."

முடிந்தது என்று நினைத்தாள். முடி கிடந்தது, புழு கிடந்தது என்று எதையாவது போடுவார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். வேண்டாம் என்றால் அதையும் போடுவார்கள்.

குடமிளகாயை இரண்டு தடவை கழுவினாள். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவசரத்தில் சீஸ் பாதி கீழே கொட்டியது.

அதற்குள் இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு கம்பெனிப் பெண்கள் கொஞ்சம் பேர். எல்லோரும் சொன்னது ஒன்றையேதான்: "எதிர்த்த கடைக்காரர் அனுப்பிச்சாருங்க."

கடை நிறைந்துவிட்டது. இத்தனை நாள் எதற்கு ஜெபம் பண்ணினாளோ அது கண்ணெதிரே நடந்தது. அவளுக்கோ எப்போது எந்த மேஜையிலிருந்து சத்தம் வருமோ என்று காது அங்கேயே கிடந்தது.

அப்போதுதான் ஞானசம்பந்தம் ரோட்டைத் தாண்டி வந்தார். நெற்றியில் திருநீறு, மடித்துக் கட்டிய வேட்டி. நேராக அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க அம்மிணி, எங்க கடையில பழைய மாவுன்னு சொன்னீங்களாமா?"

ஆஷா தரையைப் பார்த்தபடி ஆமென்று தலையசைத்தாள்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க. இன்னிக்குப் போயிப் பாத்தேன், புளிச்சுக் கெடந்துது. அத்தனையும் கொட்டிப்போட்டேன். புது மாவு ஆகற வரைக்கும் வர்றவிகள வெறும் வயித்தோட அனுப்ப முடியுங்களா? அதான் இங்க அனுப்பிச்சேன். நீங்க சொன்னதும் நல்லதாப் போச்சுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ஆஷா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். வீடியோ எடுத்தவள் கை கழுவிக்கொண்டு வந்து, "சூப்பரா இருந்துச்சுங்கக்கா. குரூப்புல போட்டுட்டேன், பாருங்க," என்றாள்.

சாயங்காலம் கூட்டம் குறைந்தபோது ஆஷாவின் மனசு நிமிர்ந்துவிட்டது. வாய் தவறிச் சொன்னாலும் உண்மையைத்தானே சொல்லியிருக்கிறோம்? யோசித்துப் பார்த்தால் அவருக்கு உதவிதான் செய்திருக்கிறோம். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று எதிர்த்த கடைக்குப் போனாள்.

ஞானசம்பந்தம் இல்லை. உள்ளே சமையல்கட்டிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். சின்னாத்தாள். அந்தக் கடையில் மாவு பிசைகிறவர்.

"சாப்புட வந்தீங்களா கண்ணு? எதிர்த்த கடைக்குப் போங்க. இன்னிக்கு எல்லாத்தையும் அங்கதான் போகச் சொல்லியிருக்காரு."

தான் யாரென்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை என்பது ஆஷாவுக்குப் புரிந்தது.

"புது மாவு இன்னும் ஆகலியா?"

"எந்தப் புது மாவு? இந்தா, காலையில பெசஞ்சது அண்டா நெறையப் பொங்கிக் கெடக்குது."

"பழசைக் கொட்டிட்டதா அண்ணாச்சி சொன்னாரே?"

"பழசா? இந்தக் கடையில அன்னன்னிக்கு மாவுதானுங்க. ஒரு நாளும் பழசு வெச்சதில்ல."

ஆஷா அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கு எல்லாரையும் அங்க அனுப்புனாரு?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'அந்தப் புள்ள பயந்துபோயிப் பொய் சொல்லுது சின்னாத்தா. கடையில நாலு பேரு வந்து உக்காந்துட்டா, அதுக்கப்பறம் சொல்லாது'ன்னுட்டாருங்க."